கணினிப் படமும் காணி உறுதியும்: சோனகத் தெருவை வாசித்தல்

நகரங்கள் மாறுவதைப் பற்றி எழுதுவோர் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல்லை அடிக்கடி கையாளுகிறார்கள். 1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் இலண்டனைப் பற்றி எழுதியபோது உண்டாக்கிய சொல் அது. தொழிலாளர் குடியிருந்த தெருக்களில் வசதி படைத்தோர் வீடுகளை வாங்கித் திருத்துகிறார்கள். வாடகையும் விலையும் ஏறுகின்றன. பழைய குடிகள் தாக்குப்பிடிக்க ஏலாமல் வெளியேறுகிறார்கள். தமிழில் இதை 'மேட்டுக்குடியேற்றம்' எனலாம் என்பது என் அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்தைப் பற்றிய பேச்சிலும் இச்சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் எங்கட சோனகத் தெருவுக்கு அந்த வரைவிலக்கணம் அப்படியே பொருந்தாது. இங்கே வரிசை தலைகீழ். முதலில் மனிதர்கள் போனார்கள். பணம் பிறகு வந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி கட்டளையிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமாக சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த ஒக்டோபர் மாதத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவின் வீடுகள் கூரை, கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாக இழந்து, கடைசியில் பற்றை மூடிய சுவர்களாயின.

இதற்கும் கட்டடக்கலையின் புதிய கணினிக் கருவிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கணினிக் கருவி யாரையும் வெளியேற்றுவதில்லை. ஆனால் ஓர் இடத்தில் என்ன 'இருக்கிறது', என்ன 'இல்லை' என்று முடிவு கட்டும் வேலையை அது மெல்ல மெல்லத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. கொழும்பில் படவரைஞனாகப் பல வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் இதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். எனவே இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து வாசிக்க விரும்புகிறேன். ஒன்று, புதிய கட்டடங்களுக்காக வரையப்படும் கணினிப் படம். மற்றது, எங்கட பெரியவர்கள் தகரப் பெட்டிகளில் கட்டிக் காத்த காணி உறுதி.

முதலில் கணினிப் படம். யுத்தம் முடிந்த பின் யாழ் நகரம் விரைவாக மாறியது. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் ஸ்குவெயர் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் வந்தது. 2016இல் ஜெட்விங் ஹோட்டல் எழுந்தது. 2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு திறப்போடும் நகரத்தை அண்டிய காணியின் விலை ஒரு படி ஏறியது. எந்தக் கட்டடத்துக்கும் அத்திவாரம் வெட்டுமுன்னர் மதிலில் ஒரு பெரிய படம் தொங்குவதும் வழமையாயிற்று. ஸ்கெச்அப்பில் உருவமைத்து, லூமியனில் ஒளியூட்டிய படங்கள் அவை.

அந்தப் படத்தை ஒரு கதையை வாசிப்பது போல வாசித்துப் பாருங்கோ. வெயில் இருக்கும், வெக்கை இராது. மரங்கள் நிற்கும். ஆனால் பனையோ, முருங்கையோ, வேம்போ அல்ல. மென்பொருளின் களஞ்சியத்தில் ஆயத்தமாகக் கிடக்கும் ஏதோ ஒரு மரம். நடந்து போகும் மனிதர்களும் அதே களஞ்சியத்திலிருந்து வந்தவர்கள்தான். தொப்பி போட்ட ஒரு காக்காவையோ, முக்காடிட்ட ஒரு உம்மாவையோ, சைக்கிள் காரியரில் மீன்பெட்டி கட்டிய ஒரு நாவாந்துறையாரையோ நான் அந்தப் படங்களில் கண்டதில்லை. மிக முக்கியமாக, அயல் இருக்காது. பக்கத்து வளவுகள் சாம்பல் நிறப் பெட்டிகளாகவோ, வெறும் பச்சையாகவோ நிற்கும். கட்டடம் யாருக்கும் பக்கத்தில் இல்லை.

இது வரைபவரின் தனிப்பட்ட குறை அல்ல. வேலை நடக்கும் முறையே அப்படி. காணியின் இடத்தைக் குறித்தவுடன் மென்பொருள் செய்மதிப் படத்தை இறக்கித் தளமாக விரித்துத் தரும். அந்தப் படத்தின் வயதைத்தான் நாம் கேட்க மறக்கிறோம். ஒரு மீற்றர் அளவு நுணுக்கத்தில் படமெடுத்து விற்கும் முதல் செய்மதியான ஐகோனோஸ் ஏவப்பட்டது 1999இல். கூகிள் எர்த் வந்தது 2005இல். கூகிளின் தெருக்காட்சி இலங்கைக்குக் கிடைத்தது 2016இல். அதாவது, கணினியின் ஞாபகம் தொடங்கும்போது சோனகத் தெரு ஏற்கெனவே கூரையிழந்து கிடந்தது. கூரை இல்லாத வீட்டை மேலிருந்து பார்த்தால் அது வீடாகத் தெரியாது, பற்றையாகத் தெரியும். படவரைஞன் அதை 'வெறுங்காணி' என்று குறித்துக்கொள்கிறான். 'வெறுங்காணி' என்று ஒரு தடவை வரைபடத்தில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு வரும் தரகரும், முதலீட்டாளரும், திட்டமிடும் அதிகாரியும் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இனி உறுதியை எடுப்போம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியை வாசித்தவர்களுக்குத் தெரியும், அதில் எல்லைகள் பாகைக் கணக்கில் எழுதப்படுவதில்லை. கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி, மேற்கே இன்னாருடைய பிள்ளைகளின் காணி, தெற்கே பள்ளிவாசலுக்குரிய காணி என்று அயலவரின் பெயரால்தான் ஒருவருடைய நிலம் அளக்கப்படும். பிறகு வீடு வரும். கிணற்றில் இத்தனை பங்கு என்று வரும். வழிவாய்க்கால் உரிமை வரும். சோனகத் தெருவைப் போல நெருக்கமான குடியிருப்பில், இரண்டு மூன்று பரப்புக் காணிகளே அதிகமாக இருந்த இடத்தில், அந்தப் பங்குக் கிணறும் நடைபாதையும் சின்ன விஷயங்கள் அல்ல. பெண்கள் தெருவுக்கு இறங்காமலே பின்வளவுகளால் வீட்டுக்கு வீடு போய்வருவார்கள். கறிக்கோப்பை போகும், பிள்ளை போகும், கல்யாணப் பேச்சும் அந்த வழியால்தான் போகும்.

அளவு துல்லியத்தில் உறுதி கணினியிடம் தோற்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் கிளம்பிய சங்கடங்களும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் கணினிப் படத்தில் இல்லாத ஒன்று உறுதியில் இருக்கிறது. அயலவர் இல்லாமல் என் காணியை எழுதவே முடியாது என்ற ஒப்புதல் அது. ஒரு தெருவின் உறுதிகளைத் தலைமுறை வாரியாக அடுக்கி வாசித்தால் எல்லைப் பெயர்கள் எப்போது, எந்தத் திசையில் மாறின என்று தெரியும். மேட்டுக்குடியேற்றத்தை அறிய இதைவிட நல்ல ஆவணம் வேறில்லை.

காணிகள் ஏன் கைமாறுகின்றன என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். எல்லாப் பழியையும் வெளியில் போட ஏலாது. 1990இல் வீட்டுச் சொந்தக்காரராக இருந்தவர்களில் பலர் இன்று மௌத்தாகிவிட்டார்கள். வாரிசுரிமைப்படி பங்குகள் பிரிந்து, மூன்று பரப்பு வளவுக்குப் பதினைந்து இருபது பேர் உரித்தாளர்கள். ஒருவர் புத்தளத்தில், ஒருவர் நீர்கொழும்பில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கடல் கடந்து. திரும்பக் கட்டுவதற்கு எல்லோரும் சம்மதித்துக் காசும் போட வேண்டும். விற்பதற்குக் கையெழுத்துப் போதும். விலையும் ஏறிக்கிடக்கிறது. யார்தான் விற்காமல் இருப்பார்? வாங்குபவர் எப்போதும் அந்நியர் என்றும் இல்லை. எங்கட சமூகத்து வசதியானவர்களே ஏழைச் சகோதரனின் பங்கைக் குறைந்த விலைக்கு வாங்கியதையும் பார்த்திருக்கிறோம். மீள்குடியேற வந்த வசதியற்ற குடும்பங்கள் பொம்மைவெளி போன்ற தாழ்ந்த, மழைக்கு நீர் நிற்கும் நிலங்களை நோக்கித் தள்ளப்பட்டதை யார் மறுப்பார்கள்?

வாடகைக்கு இருந்தவர்களின் கதை இன்னும் மோசம். அவர்களிடம் உறுதியே இல்லை. காணி உள்ளவருக்கே வீடு என்ற நிபந்தனையோடு வந்த வீட்டுத் திட்டங்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கணினிப் படத்திலும் இல்லை, உறுதியிலும் இல்லை. சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்ததற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, வாய் வார்த்தை.

சட்டம் ஓரளவு இதை உணர்ந்திருக்கிறது. ஒரு காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது நாட்டின் வழமையான சட்டம். யுத்த காலத்தில் தம் காணிக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. அப்படியொரு ஏற்பாடு வரைபடத்துக்கு இல்லை. வரைபடத்தில் இல்லாமை, இல்லாமையாகவே பதிவாகிறது.

கொழும்பை ஒப்பிட்டால் எங்கட நிலைமையின் தனித்தன்மை விளங்கும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த அந்தப் பகுதியில் இன்று மோஷே சஃப்டி வடிவமைத்த அல்டெயார் கோபுரம், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு கட்டடங்களாக, 240 மீற்றர் உயரத்துக்கு நிற்கிறது. கணினி இல்லாமல் அப்படியொரு கட்டடத்தைக் கணித்துக் கட்டுவது மிகக் கடினம். அந்தத் திறமையை மெச்சத்தான் வேண்டும். கொம்பனித்தெருவில் இடிப்பு கண்முன்னே நடந்தது. வழக்குப் போடவும், படமெடுக்கவும், கூக்குரலிடவும் ஆட்கள் இருந்தார்கள். சோனகத் தெருவில் இடிப்பு ஆளில்லாத வேளையில் நடந்தது. பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

அப்படியானால் கணினியை ஒதுக்கிவிடுவதா? அது விவேகமல்ல. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்ற பகுதி 1966இல் வெள்ளையருக்குரியதாகப் பிரகடனம் செய்யப்பட்டது. முஸ்லிம்கள் பெருமளவில் உட்பட 60,000 பேருக்கு மேல் அகற்றப்பட்டு, வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. 1994இல் அங்கே திறக்கப்பட்ட நூதனசாலையில் அவர்கள் செய்த முதல் காரியம், பழைய தெருப்படத்தைத் தரையில் விரித்து, வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்டே தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதுவித்தது. அதே நகரத்தின் இன்னொரு முஸ்லிம் பகுதியான போ-காப் இடிபடவில்லை. ஆனால் வீட்டு விலையும் வரியும் ஏறிப் பழைய குடிகள் நெருக்கப்படுகிறார்கள். 2018இல் தெருவை மறித்துப் போராடினார்கள். ஒரே நகரத்தில் இரண்டு பாடங்கள். பலஸ்தீனத்திலும் 2018இல், 1940களின் பிரித்தானிய நில அளவைப் படங்களை இன்றைய வரைபடத்தின்மேல் படியவைத்து, அழிந்த கிராமங்களை எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கணினி அங்கே மறதிக்கு எதிராக வேலை செய்கிறது. கருவி ஒன்றுதான்; உள்ளே போடும் தகவல்தான் வேறு.

நாங்கள் செய்யக்கூடியது இதுதான். சோனகத் தெருவையும் அதைச் சுற்றிய ஒழுங்கைகளையும் 1990 ஒக்டோபரில் இருந்தபடி வீடு வீடாக வரைவது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்கள், குடும்பங்களிடம் உள்ள உறுதிகளும் அளவைப் படங்களும், கல்யாண வீட்டு போட்டோக்கள், பள்ளிவாசல் பதிவேடுகள், இன்னும் உயிரோடிருக்கும் மூத்தவர்களின் வாய்மொழி. இவையே மூலங்கள். ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் படிக்கும் பிள்ளைகள் கைபேசியில் பதிவு செய்யலாம். படவரைஞர் ஒருவரும் கட்டடக்கலை மாணவர் இருவரும் இருந்தால் வரைய முடியும். ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் பெயரோடு குடியிருந்தவர் பெயரும் சேர்க்கப்பட வேண்டும். அப்போதுதான் வாடகைக்கு இருந்தவர்களும் ஊருக்குள் வருவார்கள். பங்குக் கிணறும் பின்வாசல் வழியும் அதில் இருக்க வேண்டும். யாருடைய காணி விவகாரமும் சந்திக்கு வராதபடி, எதை வெளியிடுவது, எதை வைத்திருப்பது என்று முதலே தீர்மானித்துக்கொள்வதும் அவசியம்.

இது விற்றவரைக் குற்றவாளியாக்கும் பட்டியல் அல்ல. வாங்கியவரை விரட்டும் ஆயுதமும் அல்ல. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்ட நிலங்களுக்குத் திரும்பிய எங்கட தமிழ்ச் சகோதரர்கள், வீடும் மதிலும் கிணறும் தடயமின்றிப் போனதால் தங்கள் எல்லையையே தேடி அலைந்தார்கள். அவர்களுக்கும் இதே முறை உதவும். இரண்டு சமூகமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. உறுதியில் ஏற்கெனவே நாங்கள் ஒருவருக்கொருவர் எல்லையாக எழுதப்பட்டவர்கள்தானே.

இதற்குக் காலம் அதிகமில்லை. 1990இல் முப்பது வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஐந்து சந்தியிலிருந்து எந்தெந்த வீடு எந்தெந்த வரிசையில் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். அடுத்து ஒரு கட்டடத்துக்காக அங்கே செய்மதிப் படம் இறக்கப்படும்போது, பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களிடமும் ஒரு படம் இருக்க வேண்டும். அது வெறுங்காணி அல்ல, இன்னாருடைய வளவு என்று சொல்லும் படம்.