கைக்கும் கருத்துக்கும் நடுவே சுவர் ஏன்?

படிப்பு ஏறாத பிள்ளைக்குத் தொழிற்கல்வி! நாட்டிலே நெடுநாளாக உலவிவரும் பேச்சு இது. இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, தன் பதினாறாம் இயலில் இப்பேச்சைக் குறிப்பிட்டு வருந்துகிறது. 19 முதல் 24 வயதுக்குட்பட்ட உழைப்பாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் இந்தியாவில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 என்று, பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்கையும் எடுத்துக் காட்டுகிறது. கணக்கை நாம் மறுக்கவில்லை. நோயைக் கூறிய ஏடு, நோயின் மூலத்தைக் கூறாது விட்டதேன் என்றே கேட்கிறோம்.

உளியும் சம்மட்டியும் இழிந்தவை என்று இந்நாட்டில் கற்பித்தது எது? உழைத்த கைக்கு ஏடு மறுக்கப்பட்டது. ஏடு பிடித்த கைக்கு உழைப்பு இழிவெனப் போதிக்கப்பட்டது. சமூகப் படிநிலை என்று பொதுப்படப் பேசும் அவ்வியல், அப்படிகளைக் கட்டிய சாதியின் பெயரை உரைக்கவில்லை.

தமிழ்நாடு இதிலே பட்டறிவு பெற்ற நாடு. 1953இல் இராசாசி கொண்டுவந்த திட்டம், ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி, எஞ்சிய பொழுது பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி எனச் சுட்டி நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கொள்கை அதுவன்று. தந்தை தொழிலைச் செய் என்று அது கூறவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள், பத்து நாள் புத்தகப் பையின்றிச் சென்று உள்ளூர்த் தச்சரிடமும் குயவரிடமும் பழகட்டும் என்கிறது. பழகட்டும்! ஆனால், குயவர் வீட்டுப் பிள்ளை மின்பொறியையும், வணிகர் வீட்டுப் பிள்ளை மட்பாண்டச் சக்கரத்தையும் பழகும் என்பதற்கு உறுதி எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலை எண்ணிப் பாருங்கள். அதன் அருகே சித்தன்னவாசல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே தாமரைப் பொய்கையைத் தீட்டியவர்கள், சுண்ணத்தின் தன்மையும் வண்ணத்தின் சேர்க்கையும் அறியாமலா தீட்டினர்? கையும் கருத்தும் அங்கே ஒன்றியிருந்தன. அதே மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. எழுத்து கண்ணைத் திறந்தது. மிதிவண்டி வழியைத் திறந்தது. கற்ற திறன் மனிதரைக் கட்டிப்போடாமல் நடமாட விட வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிறர் ஏட்டைத் திறனாயும் நாம், நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே, தமிழ்நாடு தன் பள்ளிகளுக்குள் தொழிற்பிரிவை அமைத்தது. வேளாண்மை, இயந்திரவியல், மின்னியல், செவிலியம், ஆடை வடிவமைப்பு ஆகியவற்றை மாணவர் பள்ளியை விட்டு அகலாமலே கற்றனர். அரிய ஏற்பாடு! பின்னர் நிகழ்ந்ததென்ன? ஓய்வுபெற்ற பயிற்றுநர்களின் இடங்கள் நிரப்பப்படாமல், பல பள்ளிகளில் அப்பிரிவுகள் மூடப்பட்டன. ஆணையிட்டு அடைத்தாலென்ன, ஆளில்லாமல் அடைத்தாலென்ன? அடைபட்டது ஏழையின் வாசலே!

வசதி படைத்தவன் பணம் கட்டிப் பயிற்சி பெறுவான். அன்னவாசல் போன்ற சிற்றூர்களில் வாழும் ஏழைப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியே கதி. அங்கே பட்டறை இல்லையெனில், படிப்பை விட்டுத் தொழிலுக்குப் போக வேண்டும். அன்றேல், தொழிலை மறந்து படிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை இழக்குமாறு அவனை ஏன் நிறுத்துகிறோம்?

ஆகவே நாம் வேண்டுவன இவை: பள்ளிதோறும் பட்டறை, பட்டறைக்கு நிலையான ஆசிரியர், பெண்ணுக்குத் தையல், ஆணுக்கு மின்னியல் என்ற பிரிவினைக்கு முடிவு, மேற்படிப்புக்குத் தடையில்லா வழி. மேல்நிலையில் தொழிற்பிரிவு கற்றவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம் என்ற விதி முன்பே உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பாதை இருக்கிறது, பாதைக்கு வந்து சேரும் படிக்கட்டுதான் பள்ளியில் இடிந்து கிடக்கிறது.

தோழர்களே! தொழிற்கல்வி என்ற பெயரில் எத்திட்டம் வரினும் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தொழிலைக் கற்பது என்பதைப் பிள்ளை தேர்கிறதா, பிறப்பு தேர்கிறதா? கற்றபின் மேலே செல்லக் கதவு திறந்திருக்கிறதா? இரண்டுக்கும் நேரிய விடை கிடைத்தால் வரவேற்போம். கிடைக்காவிடில், அதற்கு எப்பெயர் சூட்டினும், பழைய விலங்கு என்றே அறிவோம்!