பெயரை மறைத்தால் போதுமா?

“இது யாருட கட்டுரை?” ஓர் ஆக்கம் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். அதில என்ன இருக்கு எண்டு பார்ப்பது பிறகுதான். இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல.

1982 இல் அமெரிக்க உளவியலாளர்களான டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் செசி இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேர்பெற்ற பல்கலைக்கழகத்தவர்கள் எழுதி ஏற்கெனவே அச்சேறிய 12 கட்டுரைகளுக்குக் கற்பனைப் பெயர்களையும் கற்பனை நிறுவனங்களையும் இட்டு, அவற்றை வெளியிட்ட அதே சஞ்சிகைகளுக்கே அனுப்பியிருந்தார்கள். பிடிபட்டவை 3 மட்டுமே. மீதி 9 இல் 8 நிராகரிக்கப்பட்டன. ஆய்வுமுறையில் பெருங்குறை உண்டென்பதே பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தச் சஞ்சிகைகள் வழமையாகவே ஏறத்தாழ 80 வீதமான கட்டுரைகளைத் திருப்பி அனுப்புபவை. பழைய பெயர்களோடே மறுபடி அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதை அவர்கள் சோதிக்கவில்லை.

அந்தக் குறையை 2022 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நிவர்த்தி செய்தது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வெர்னன் ஸ்மித்தும் அதிகம் அறியப்படாத ஓர் இளம் ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை 500க்கு மேற்பட்ட மதிப்பீட்டாளர்களிடம் போனது. இளையவரின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 65 வீதமானோர் நிராகரிக்கச் சொன்னார்கள். பெயரே தெரியாதவர்களில் 48 வீதம். ஸ்மித்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 23 வீதம். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அப்ப, பெயரை மறைத்தால் சரிதானே? பெரிய நாடுகளில் ஓரளவு சரி. நமது சிறிய வட்டத்தில் அது பாதி மருந்துதான். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடிமரபு பற்றி ஆராய்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். இரண்டு பந்தி வாசித்தாலே ஆள் யாரெண்டு விளங்கிப் போகும்.

ஆகவே மறைப்போடு வேறு இரண்டும் வேண்டும். எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதைக் கட்டுரை வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். குறை சொல்பவர் எந்தப் பக்கத்தில், என்ன குறை என்று காட்ட வேண்டும். “ஆய்வுமுறை போதாது” என்ற ஒற்றை வரியை யாருக்கும் எழுதலாம். அந்த எட்டுக் கட்டுரைகளில் பலவற்றுக்கும் ஆய்வுமுறைக் குறையைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

பேரறிஞருக்கு ஒரு சஞ்சிகை இல்லாவிட்டால் இன்னொன்று. முதல் கட்டுரையே காரணம் தெரியாமல் திரும்பி வந்த பிள்ளை இரண்டாவதை எழுதாமலே விட்டுவிடக்கூடும். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.