வளையத் தெரிந்த பாய்மரம்

பந்தயக் கேட்டமரானின் அழகை, அது ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கடலில் பாயும்போது பார்க்க வேண்டும் என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. பந்தயத்துக்கு முன்னால், படகு மணலில் நிற்கையில், பாய்மரத்தோடு இருவர் மல்லுக்கட்டுகிறார்களே, அந்த வேலைதான் என்னை இழுக்கும். (நம் ஊர்க் கட்டுமரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஒடுங்கிய இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகு.)

பாய்மரம் என்றால் அசையாமல் விறைத்து நிற்க வேண்டும் என்று நினைப்போம். பந்தயப் பாய்மரம் வளைய வேண்டும், தன் அச்சில் திரும்பவும் வேண்டும். பாய் தைப்பவர் அதன் முன் விளிம்பை நேர்கோட்டில் வெட்டுவதில்லை. சற்றே புடைத்தாற்போல் வெட்டுகிறார். மரம் நேராக நின்றால் அந்த மிகுதித் துணி பின்னால் தள்ளப்பட்டுப் பாய்க்கு வயிறு விழும். வயிறு விழுந்த பாய்க்கு இழுவை அதிகம். மெல்லிய காற்றில் அது நல்லது. புடைப்புக்கு ஏற்ப மரம் வளைந்து கொடுத்தால் பாய் தட்டையாகும். பலத்த காற்றுக்கு அதுதான் வேண்டும். துணி வெட்டியதற்கு மேலாக மரம் வளைந்துவிட்டால் பாயில் மடிப்புகள் ஓடும். அன்றைய பந்தயம் அத்தோடு சரி.

இந்த வளைவைத் தீர்மானிப்பவை டயமண்ட் கம்பிகள். மரத்தின் மேல்பகுதியிலிருந்து அடிப்பகுதிவரை இருபுறமும் இறங்கும் இரண்டு கம்பிகள் அவை. நடுவில் ஸ்ப்ரெடர் என்ற இரண்டு குட்டைக் கைகள் அவற்றை மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கின்றன. அந்தக் கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கம்பியை முறுக்க முறுக்க மரத்தின் நடுப்பகுதி முன்னால் பிதுங்கும். மரத்தை இரண்டு தாங்கிகளின் மேல் படுக்கவைத்து, நூலை இழுத்துக் கட்டி, ஸ்ப்ரெடர் இருக்கும் இடத்தில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பார்கள். ஃபார்முலா 18 வகைப் படகுகளில் அது 4, 5 சென்டிமீட்டர் வரும். அரை சென்டிமீட்டர் கூடினால் அதே பாய் வேறு பாயாகிவிடும். எடை குறைந்த ஜோடி கூடுதல் வளைவு வைத்துக்கொள்ளும். கனத்த ஜோடிக்கு அது தேவையில்லை. படகு சாயாமல் பிடிக்க அவர்களின் உடம்பே போதும். சாம்பியன்களின் அளவுகளை எழுதிவந்து அப்படியே வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். அந்த எண்கள் அவர்களின் எடைக்கும் அவர்களின் பாய்க்கும் உரியவை.

மரத்தை நிறுத்திய பிறகு வேறு கணக்கு. ஓட்டுபவர் படகுக்கு வெளியே தொங்க உதவும் ட்ரபீஸ் கம்பியின் பிடியை முன்கம்பி மாட்டியிருக்கும் இடம்வரை இழுத்து நீளத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். அதே நீளத்தைப் படகின் பின்பக்கம் கொண்டுபோய் எங்கே தொடுகிறது என்று பார்க்கிறார்கள். மரம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். தனிக் கருவி எதுவும் வேண்டாம். பக்கக் கம்பியை இறுக்கவும் ட்ரபீஸ்தான். ஒருவர் அதில் தொங்கி மரத்தைத் தன் பக்கம் இழுப்பார். அந்தப் பக்கத்துக் கம்பி தளர்ந்ததும் மற்றவர் ஊசியை அடுத்த துளைக்கு மாற்றுவார். மிருதங்கத்தில் ஒரு கண்ணைத் தட்டிச் சேர்த்தால் எதிர்ப்பக்கக் கண் விலகுமே, இங்கேயும் அதே கதைதான். பக்கக் கம்பியை இறுக்கினால் முன்கம்பி விறைக்கும், ஜிப் என்கிற முன்பாயின் வடிவம் மாறும், மரம் தன் அச்சில் திரும்ப அடம்பிடிக்கும்.

எல்லாப் படகுக்கும் இந்த இலக்கணம் பொருந்தாது. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1970 வாக்கில் கொண்டுவந்த ஹோபி 16 படகில் டயமண்ட் கம்பி கிடையாது, ஸ்ப்ரெடரும் கிடையாது. தடித்த மரம் ஒன்று, அவ்வளவுதான். பந்தயக்காரர்கள் அதை ஒரேயடியாகப் பின்னால் சாய்த்துவிடுவார்கள், பெரிய பாயை இழுக்கும் கயிற்றின் மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு. மூக்கு அலையில் குத்தித் தலைகுப்புறக் கவிழும் சுபாவம் அந்தப் படகுக்கு உண்டு. இந்தச் சாய்வு அதைக் கொஞ்சம் அடக்கும். பார்வைக்கு எல்லாம் தொளதொளவென்று இருக்கும். ஜிப் பாயை ஏற்றியதும் முன்கம்பி தொய்ந்துவிடும். அதன் வேலையை ஜிப் விளிம்புக்குள் ஓடும் கம்பி எடுத்துக்கொள்ளும். கலைந்த கோலத்துக்குள் இவ்வளவு கணக்கு இருப்பது ஒரு தனி ருசி.

ஆனாலும் என் மனம் டோர்னாடோ பக்கம்தான். 1967-இல் ரோட்னி மார்ச் வடிவமைக்க, இங்கிலாந்தின் பிரைட்லிங்சீயில் பிறந்த படகு. நீளம் 6.1 மீட்டர், அகலம் அதில் சரிபாதி. அங்கே அதைக் கட்டிக்கொண்டிருந்த ரெக் ஒயிட்டே, ஜான் ஆஸ்பர்னுடன் சேர்ந்து 1976-இல் கனடாவின் கிங்ஸ்டனில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வட்டக் குழாய்க்குப் பின்னால் காற்று சுழன்று குழம்பும். டோர்னாடோவின் மரமோ முன்பக்கம் உருண்டு பின்பக்கம் ஒடுங்கிய வெட்டு. பாயின் கோணத்துக்கு அது திரும்பி நின்றால் மரமும் பாயும் சேர்ந்து ஒரே இறக்கையாகிவிடும். எவ்வளவு திரும்பலாம் என்பதை அடியில் இருக்கும் ஒரு சிறு கை கட்டுப்படுத்துகிறது. காற்று வலுத்தால் திருப்பத்தைக் குறைத்து டவுன்ஹால் கயிற்றை இழுப்பார்கள். அது பாயின் முன் விளிம்பைக் கீழே இழுக்க, மரத்தின் நுனி வளையும். பாயின் மேல்பகுதி தட்டையாகிப் பின் விளிம்பு திறந்து காற்றை வெளியே விடும். சரியாகச் சேர்த்த மரம் இதில் ஒரு பங்கைத் தானாகவே செய்துவிடும். திடீர்க் காற்று அடித்ததும் நுனி விலகிக் கொடுக்கும், படகு சாய்வதற்குப் பதில் முன்னால் பாயும், காற்று தணிந்ததும் நுனி நிமிரும். கயிற்றைத் தொடக்கூட ஆளுக்கு நேரமிருக்காது. கரையில் நூல் கட்டி அளந்ததெல்லாம் அந்த நொடிக்காகத்தான்.

இதில் சூதாட்டமும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டி சிங்தாவோ நகரில் நடந்தது. அங்கே காற்று மெலிதாகத்தான் இருக்கும் என்பது பரவலான கணிப்பு. ஏதென்ஸில் வெள்ளி வென்ற அமெரிக்க ஜோடி, மெல்லிய காற்றுக்கென்றே தைத்த பாய் ஒன்றை நம்பிப் போனது. காற்று கணிப்பைக் கேட்கவில்லை. அவர்கள் பதக்கத்தின் பக்கமே வரவில்லை. ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ எச்சாவாரியும் ஆன்டோன் பாஸும் தங்கத்தை எடுத்துப்போனார்கள். டோர்னாடோவுக்கு அதுவே கடைசி ஒலிம்பிக். அந்தப் பாயை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரே ஒரு காற்றை மட்டும் எதிர்பார்த்துப் படகைத் தயார் செய்ததுதான் கோளாறு.

இன்று ஒலிம்பிக்கில் அந்த இடம் நாக்ரா 17 படகுக்கு. ஆணும் பெண்ணுமாக இருவர் ஓட்டுவது. நீருக்கடியில் உள்ள இறக்கைகளில் எழும்பி, உடல் தண்ணீரைத் தொடாமலே ஓடும். டோக்கியோவிலும் பாரிஸிலும் இத்தாலியின் ருஜ்ஜேரோ டீட்டாவும் கத்தரீனா பான்ட்டியும் தங்கம் வென்றது இதில்தான். கேமராக்கள் அந்த இறக்கைகளையே துரத்துகின்றன. மேலே கார்பன் பாய்மரத்தில் அதே டயமண்ட் கம்பியும் அதே ஸ்ப்ரெடரும் இருப்பதை யாரும் காட்டுவதில்லை. 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியைப் பார்க்க வாய்த்தால், காற்று வலுக்கும் நேரத்தில் பாயின் மேல்பகுதியைக் கவனியுங்கள். அது திறந்து கொடுக்க, படகு சாயாமல் வேகம் பிடித்தால், கரையிலேயே பாதிப் பந்தயம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.