இற்செறிப்பும் மைக்கும்

இணையவழிப் போட்டி லீக் ஒன்றில் அணியாகச் சேர்வதற்கான விதிமுறைகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். நான் பார்த்த பொதுப்பிரிவு விதிகள் எதிலும் பால் பற்றிய நிபந்தனை இல்லை. வயது கேட்கிறார்கள், பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கேட்கிறார்கள். தனியாக ஆடிப் பெற்ற ரேங்க் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு மேல் இருக்க வேண்டும். வாலரண்ட் என்றால் அணிக்கு ஐந்து பேர், பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்றால் நான்கு பேர், கூடவே மாற்று ஆட்டக்காரர். அணித்தலைவர் பெயர்களைப் பதிவு செய்ததும், திறந்த தகுதிச்சுற்றில் தொடங்கி வென்றபடி மேலே போக வேண்டியதுதான். கதவு திறந்தே கிடக்கிறது. திறந்த கதவுகளைப் பற்றிப் பெண்களுக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் எழுதாமல் விட்ட விதிகளைத் தேடினேன்.

அணிகள் பெரும்பாலும் டிஸ்கார்ட் குழுக்களில்தான் ஆள் தேடுகின்றன. ரேங்க்கைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். பிறகு சில பயிற்சி ஆட்டங்களில் சேர்த்துப் பார்ப்பார்கள். வாலரண்டில் ஒருவர் முதலில் பாய்ந்து இறங்குவார்; ஒருவர் எதிரி பதுங்கியிருக்கும் இடத்தைத் துப்புப் பார்த்துச் சொல்வார்; ஒருவர் புகை போட்டு வழியை மறைப்பார்; ஒருவர் பின்புறம் காப்பார். எல்லாம் நொடிக்கணக்கில் நடப்பதால் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கம், யாருக்கு எவ்வளவு அடி விழுந்திருக்கிறது என்று. குறி பார்த்துச் சுடுவதைத் தனியாகப் பழகிக்கொள்ளலாம். அணி சோதிப்பது பேச்சை. எவ்வளவு நல்ல ரேங்க் இருந்தாலும், மைக்கை அணைத்து வைத்திருப்பவருக்கு அணியில் இடம் கிடைப்பது கடினம்.

பெண்கள் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். என் மாணவிகளில் இப்படி ஆடுகிற சிலரை எனக்குத் தெரியும். செங்கம், போளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். தம்பியின் பெயரிலோ எந்தப் பாலும் தெரியாத ஒரு பெயரிலோ கணக்கு வைத்திருக்கிறார்கள். அகப்பாடலில் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற மரபை நடத்தும்போது, "கேம்லயும் அப்படித்தான் மேம்" என்று ஒருத்தி சொன்னாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தச் சொல் பாடத்தைவிடப் பெரியதாகப் பட்டது.

சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். கழங்கு, பந்து, ஓரை, மணலில் வண்டல். தனியாக ஆடுவதில்லை. ஆயத்தோடு ஆடுகிறார்கள். தோழியர் கூட்டத்துக்கு ஆயம் என்று பெயர். இன்று நாம் அணி, டீம் என்று தடுமாறுகிற இடத்தில் பெண்களுக்கென்றே ஒரு சொல் நம்மிடம் இருந்திருக்கிறது. உடல் வளர்ந்துவிட்டது என்றோ காதல் இருக்கிறது என்றோ தாய்க்குச் சந்தேகம் வந்ததும் இற்செறிப்பு. காதலனைப் பிரிந்ததையே நாம் வரிவரியாக விளக்குகிறோம். அந்த நாளில் அவள் ஆயத்தையும் ஆட்டத்தையும் சேர்த்தே இழந்தாள் என்பதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

இணைய விளையாட்டு இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை போட்டது. உடல் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்; ஆட்டம் வெளியே நடக்கும். வெளியே போவது குரல் ஒன்றுதான். எனவே காவல் வாசலிலிருந்து தொண்டைக்கு இடம் மாறியது. பெண் குரல் கேட்டதும் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல என் மாணவிகளுக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நம்பர் கேட்பார்கள், சமையலறைக்குப் போகச் சொல்வார்கள், கொச்சையாகப் பேசுவார்கள். தவறாக ஆடினால் பெண்களுக்கே ஆட வராது. நன்றாக ஆடினால், அவளுடைய கணக்கில் யாரோ பையன் ஆடுகிறான். ஊர் பேசும் பழிக்கு அலர் என்று பெயர் வைத்த மொழிக்கு இது புதிதல்ல. இந்தப் பக்கத்தில் சமையலறையிலிருந்து அம்மா வேறு கேட்பார்: "யார்கிட்டடி பேசுற?"

நன்றாக ஆடியதற்காகவே சந்தேகிக்கப்பட்டவர் கொரியாவின் கிம் செ-யோன். கெகுரி என்ற பெயரில் ஆடுவார். 2016இல், பதினேழு வயதில், ஓவர்வாட்ச் ஆட்டத்தில் அவருடைய குறி அத்தனை துல்லியமாக இருக்கிறதென்றால் மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறார் என்று எதிரணியினர் குற்றம் சாட்டினார்கள். நிறுவனம் அவர் ஏமாற்றவில்லை என்று சொன்னது. அது போதவில்லை. ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, கையும் மௌஸும் கேமராவில் தெரிய, நேரலையில் ஆடிக்காட்ட வேண்டியிருந்தது. அக்கினிப் பரீட்சைக்குக் கணினி யுகத்தில் இதுதான் வடிவம் போலும். 2018இல் அவர் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார். இந்த இரண்டாவது செய்தியை மட்டும் வெற்றிக்கதையாகச் சொல்கிறார்கள். முதல் செய்தி இல்லாமல் அதைச் சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

வாலரண்டை நடத்தும் ரயட் கேம்ஸ் 2021இல் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பிற பாலினத்தவர்க்கும் கேம் சேஞ்சர்ஸ் என்ற தனிப் போட்டி வரிசையைத் தொடங்கியது. 2022இல் பெர்லினில் நடந்த அதன் முதல் உலகப் போட்டியில் ஜி2 கோசென் அணி வென்றது. தனி லீக் என்றால் தரம் குறைவு என்று பேசுபவர்கள் உண்டு. பெண்கள் கல்லூரியைப் பற்றியும் இதையேதான் பேசினார்கள். முழுக் குரலில் கத்தி ஆட ஓர் இடம் தேவை என்பதால் நான் அதன் பக்கம். ஆனால் நிறுவனத்தின் பெருந்தன்மை என்று அதை வாசிக்க மாட்டேன். தன் பெண் ஊழியர்கள் தொடுத்த பாலினப் பாகுபாட்டு வழக்கை முடித்துக்கொள்ள அதே நிறுவனம் அதே 2021 டிசம்பரில் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

நம் நிலத்துக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) ஒருமுறையேனும் இணையம் பயன்படுத்திய இந்தியப் பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். 2024 ஏப்ரலில் பிரதமர் சந்தித்த ஏழு விளையாட்டாளர்களில் பெண் ஒருவர், பாயல் தாரே. தமிழ்நாட்டு வீடுகளில் ஆன்லைன் கேம் என்றாலே ரம்மியும் கடனும் தற்கொலையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மகனுக்கு அது அறிவுரையாக முடிகிறது, மகளுக்குக் கைப்பேசி பறிப்பாக முடிகிறது.

வீட்டில் வாதாட வேண்டியிருந்தால் கையில் இருக்க வேண்டிய செய்தி இரண்டு. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு மின்விளையாட்டை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வந்த இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, மின்விளையாட்டை அதிலிருந்து பிரித்து அங்கீகரிக்கிறது. நுழைவுக் கட்டணமும் திறமைக்கான பரிசும் இருக்கலாம், பந்தயம் கூடாது. ஆகவே அணியில் சேர அழைப்பவர் பணம் கட்டச் சொன்னால், அது எதற்கு என்று கேளுங்கள். பந்தயமாகத் தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

மற்றபடி, முன்பின் தெரியாத அணியில் தனியாகப் போய் ஐந்தாவது ஆளாக நிற்பதைவிட, முதலில் ஆயத்தைக் கூட்டுங்கள் என்பேன். வகுப்பில், விடுதியில், ஒரே பேருந்தில் ஐந்து பேர் கிடைப்பார்கள். தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள். "இடப்பக்கம் ரெண்டு பேர்" என்பது எந்த ஆங்கிலத்தைவிடவும் உங்கள் வாயில் வேகமாக வரும். கூச்சம் விட்ட பிறகு அந்த ஐந்து பேரோடும் பொதுப்பிரிவில் பதிவு செய்யலாம். இழிவாகப் பேசுபவரை முடக்கலாம், புகார் செய்யலாம். புகார் எழுந்த குரல் உரையாடலைப் பதிவு செய்து ஆராயும் விதியை ரயட் 2021இலேயே சேர்த்திருக்கிறது. பெயரைப் பற்றி நான் வற்புறுத்த மாட்டேன், அது அவரவர் பாதுகாப்பு. எங்கள் ஊர்க் கோயிலின் வடக்குக் கோபுரத்தை அம்மணி அம்மன் கோபுரம் என்கிறோம். வீடுவீடாகக் கேட்டு வாங்கி அதைக் கட்டி முடித்த பெண்ணின் பெயர் அது என்பார்கள்.

சிக்கல் நேரம். பயிற்சியைப் பெரும்பாலும் இரவு ஒன்பதுக்குமேல் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் பையனுக்கு அறையும் ஹெட்போனும் உண்டு. பெண்ணுக்குப் பாத்திரம் இருக்கிறது, கூடத்தில் எல்லாரும் இருக்கிறார்கள். வாலரண்ட் பழைய கணினியிலும் ஓடும்படி செய்யப்பட்ட ஆட்டம். கல்லூரி ஆய்வகத்தில் அதற்குப் போதுமான கணினிகள் இருக்கக்கூடும். வாலிபால் அணிக்கு மைதானமும் வருகைச் சலுகையும் தருகிற கல்லூரியிடம், மாலை நான்கு மணிக்குப் பூட்டும் ஆய்வகத்தை வாரம் இரண்டு நாள் ஆறு மணிவரை திறந்து வைக்கச் சொல்லி ஐந்து பேர் கையெழுத்திட்டுக் கேட்கலாம். ஆறரைப் பேருந்தைப் பிடித்துவிடலாம்.