தேய்ந்த முகத்துக்கு ஒரு விலை

கிளாவரையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் மலைப்பூண்டுக்குப் பெரும்பல் தனி, பொடி தனி என்று தரம் பிரித்த பிறகுதான் விலை பேசுவார்கள். அதே மலை வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பாட்டி காலத்து வெள்ளி ரூபாய்கள் கடைக்குப் போனால் மட்டும், பிரித்துப் பார்ப்பார் இல்லாமல் ஒரே குவியலாகத் தராசில் ஏறிவிடுகின்றன. எனக்கு மனம் ஆறாத இடம் இது. புழங்கித் தேய்ந்த காசுக்கு விலை சொல்வதில் அத்தனை நுட்பம் இருக்கிறது.

முதலில் உலோகம். 1835-ல் வந்த கம்பெனி ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பதால் உள்ளே இருப்பது 10.69 கிராம். வில்லியம், விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும் இந்தக் கணக்கு நூறாண்டுக்கு மேல் மாறவில்லை. போர்க்காலத்தில், 1940-ல், வெள்ளி காசின் எடையில் பாதியாகக் குறைந்தது. கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1918 காசில் 1,069 ரூபாய்க்கு வெள்ளி; 1944 காசில் 583-க்குத்தான். கையில் இரண்டும் ஒரே கனம். காது பழகியவர்கள் நகத்தில் சுண்டியே சொல்லிவிடுவார்கள். பழையதன் ஓசை நீண்டு இழையும்.

அடுத்து தேய்மானம். 1906-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்த ரூபாய் அந்நாளில் செல்லாது என்று இருந்தது. அந்த 2 சதவீதம் கால் கிராம்கூட இல்லை! ராணியின் கன்னமும் கூந்தலும் மழுங்கிய காசுகூடத் தராசில் கொஞ்சமே இறங்கும். ஆகவே மங்கிய முகத்தைக் காட்டிப் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பதை ஒத்துக்கொள்ளவே கூடாது. நிறுக்கச் சொல்லுங்கள். உருக்குக்கூலியும் வியாபாரியின் லாபமும் வேறு கணக்கு. அவற்றைக் கேட்பது அவர் உரிமை.

இனிதான் ரசனை. தராசுக்கு முன் பூதக்கண்ணாடியை எடுக்கும் வியாபாரியைக் கண்டால் எனக்கு மரியாதை வந்துவிடும். 1862 என்று பொறித்த ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடு அச்சாயிற்று. ஆண்டெண்ணை ஒட்டிய நுண்புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்க வேண்டும். 1911 ரூபாயில் மன்னரின் மார்புப் பதக்கச் சங்கிலியில் உள்ள யானை, குட்டைத் துதிக்கையால் பன்றிபோலத் தெரிந்தது. முணுமுணுப்பு கிளம்பவே, அச்சிட்டவற்றில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு மறு ஆண்டு துதிக்கையை நீட்டினார்கள். தப்பிப் புழங்கிய காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலைக்கு மேல்தான் போகும். 1939 ரூபாய் அதைவிட அரிது. எட்டை ஒன்பதாக்கும் கைகளும் உண்டு என்பதால் கடைசி இலக்கத்தில் கண் நிலைக்க வேண்டும்.

1918 ரூபாய் எங்கும் கிடைக்கும். வெள்ளிக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். ஆனால் அந்த ஆண்டுதான் இந்தியாவின் வெள்ளிப் பஞ்சத்தைத் தீர்க்க அமெரிக்கா பிட்மன் சட்டம் இயற்றி, ஏறத்தாழ 27 கோடி டாலர் காசுகளை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இங்கே ரூபாயாயிற்று. மலைவீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜார்ஜ் தலைக்குள் அமெரிக்க டாலர் இருக்கலாம் என்ற நினைப்பு ஒன்றே, அந்தக் காசை விற்காமல் வைத்துக்கொள்ள எனக்குப் போதும்.

விற்கப்போகும் முன் விபூதி போட்டுத் தேய்ப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். பல பத்தாண்டுகளாகக் கூடிய கருமைதான் காசு தொடப்படாதது என்பதற்குச் சாட்சி. பளபளப்பாக்கினால் சேகரிப்பவர் விலகிவிடுவார். மாலையில் கோக்கக் காது ஒட்டிய காசு, ஒட்டைப் பிரித்தெடுத்தாலும் விளிம்பில் தழும்போடுதான் வரும். அதற்கு வெள்ளி விலையே நியாயம்.

கடையில் நான் கேட்கும் கேள்வி இது: “அண்ணாச்சி, இதே காசை நீங்க எனக்கு வித்தா என்ன விலை சொல்வீங்க?” வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் ஒருசேரச் சொல்பவரிடம் பேரம் பேசலாம். இரண்டாவதைச் சொல்லத் தயங்கினால், காசை மடியில் முடிந்துகொண்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.