எட்டு மில்லிமீட்டர்

நீளம் 17 சென்டிமீட்டர், அகலம் 17 சென்டிமீட்டர். ஒரு முழுக் கணினியின் மதர்போர்டுக்கு இந்த இடம் போதும் என்று தைவானின் வியா நிறுவனம் 2001-இல் வகுத்துக் காட்டியது. மினி ஐடிஎக்ஸ் என்று அதற்குப் பெயர். அந்தச் சதுரத்தில் நான் மிகவும் ரசிப்பது அதன் நான்கு திருகுத் துளைகளை. 30.5 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்காகச் செய்த கேபினெட்டின் துளைகளில் நான்கோடு அவை அச்சாகப் பொருந்தும். சின்னதைப் படைத்தவர்கள் பெரியதோடு உறவை அறுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கேபினெட்டில் பூட்டி இன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். கையில் காசு சேர்ந்ததும் சின்ன கேபினெட்டுக்குக் குடிபெயரலாம். எண்ணிச் செலவழிப்பவருக்கு இது பெரிய உபகாரம்.

திருவனந்தபுரத்தில் வலியசாலை, கரமனை அக்ரகாரப் பக்கம் போனால், பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் ஒடுங்கிய வீடுகளைப் பார்க்கலாம். படிக்கிற பிள்ளைக்கும் பென்ஷன் விவரம் பார்க்கும் தாத்தாவுக்கும் சேர்த்து அங்கே ஒரு கணினி வேண்டும். தனி மேசை போட இடமிராது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் குறைந்த செலவில் ஒரு சின்ன சிஸ்டத்தைத் திட்டமிடுவது மூன்று சென்ட் மனையில் வீடு கட்டுவதற்குச் சமம். படி எங்கே, ஜன்னல் எங்கே என்பதெல்லாம் செங்கல் வாங்கும் முன்பே தாளில் முடிவாகிவிட வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சின்னது என்பதாலேயே விலை குறைந்துவிடாது. மினி ஐடிஎக்ஸ் போர்டு பெரும்பாலும் 24.4 சென்டிமீட்டர் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிட விலை கூடுதல். அதற்கேற்ற சிறிய எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே. இதை அறிந்தவரின் கண், போர்டும் கேபினெட்டும் அடாப்டரும் ஒன்றாக வரும் பெட்டிகளின் பக்கம் போகும். ஏஎஸ்ராக் நிறுவனத்தின் டெஸ்க்மினி எக்ஸ்300 அந்த வகை. நீளமும் அகலமும் 155 மில்லிமீட்டர், உயரம் 80 மில்லிமீட்டர். கொள்ளளவு இரண்டு லிட்டர்கூட இல்லை. உள்ளே இருக்கும் போர்டு மினி ஐடிஎக்ஸைவிடவும் சிறியது.

இந்தப் பெட்டியில் வைக்க ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ப்ராசசரை எடுத்துக்கொள்வோம். 2021-இல் கடைக்கு வந்தது, ஆறு கோர். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம், அந்தச் செலவும் மிச்சம். அதனுடன் ஒரு கூலரும் இலவசமாக வரும். அதன் உயரம் 54 மில்லிமீட்டர். பெட்டிக்குள் கூலருக்கு இருக்கும் இடம் 46. எட்டு மில்லிமீட்டர் இடிக்கிறது; இலவசம் பயன்படாது. கூலருக்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கியவர் நிம்மதியாக மூடியைப் பூட்டுவார்.

அந்தத் தொகையில் வாங்கக்கூடியதில் நாக்டுவாவின் 37 மில்லிமீட்டர் கூலர் தனி அழகு. அதன் ஃபேனின் தடிமன் 14 மில்லிமீட்டர்தான். காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் ப்ராசசரோடு சுற்றியிருக்கும் பாகங்களுக்கும் குளிர்ச்சி கிடைக்கிறது. மார்ச், ஏப்ரலில் அறைக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. வசதிப்பட்டால் பயாஸில் ப்ராசசரின் 65 வாட்டை 45 ஆகக் குறைத்து வைக்கலாம். எழுதுவதற்கும் படிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. ஃபேனின் சத்தம் மட்டும் தணியும்.

ராம் விஷயத்தில் இன்னொரு நுட்பம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகவும் வாங்கலாம், இரண்டு 8 ஜிபியாகவும் வாங்கலாம். தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் நம்பியிருக்கிறது. 3200 வேக டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவு ஓடும். இரண்டு போட்டால் இரண்டு பாதை திறந்து 51.2 ஆகும். மொத்த அளவு அதே 16. ஆனால் வேகத்தில் அவ்வளவு வித்தியாசம். எஸ்எஸ்டியோ 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமான ஒரு தகடு. கேபிளே கிடையாது, ஒற்றைத் திருகில் உட்கார்ந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்க் கணக்கு முடியாது. டெஸ்க்மினிக்கு 19 வோல்ட், 120 வாட் அடாப்டர் வெளியே இருக்கிறது. அதன் சூடும் வெளியே. துலாவர்ஷம் என்று இங்கே சொல்லும் ஐப்பசி மழைக்காலத்தில் மாலையானால் இடியும் மின்னலும்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் முதல் அடியை வாங்குவது அடாப்டர்; அது போனால் அதை மட்டும் மாற்றலாம். இடி கேட்டதும் பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுவது அதைவிட நல்ல காவல். சாதாரண வேலையின்போது இந்தக் கணினி எடுக்கும் மின்சாரம், 75 வாட் எடுக்கும் பழைய சீலிங் ஃபேனைவிடக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டருக்கு அது சுமையே இல்லை.

மென்பொருளுக்குப் பட்ஜெட்டில் பூஜ்யம் எழுதலாம். அதற்கு இந்த நகரத்திலேயே ஒரு வரலாறு உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்தது 2001 ஜூலையில், திருவனந்தபுரத்தில். பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட, கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு லினக்ஸை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்று இயங்குதளம் தயாரித்துத் தருகிறது. கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு லினக்ஸ் பழகிய பொருள். உபுண்டுவில் தமிழ்த் தட்டச்சும் உண்டு.

இன்னும் குறைத்துச் செய்ய வேண்டுமென்றால், அலுவலகங்களில் பணி முடிந்து பழைய பொருள் விலைக்கு வரும் லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி இருக்கின்றன. சுமார் ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகள். உரிய தகடு வாங்கினால் மானிட்டரின் முதுகில், 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் நான்கு துளைகளில் மாட்டிவிடலாம். மானிட்டரைத் தவிர மேசையில் மிஞ்சுவது கீபோர்டும் மவுஸும் மட்டும்.

திட்டத்தைத் தாளில் எழுதினால் ஐந்து வரிதான் வரும்: பெட்டி, ப்ராசசர், கூலர், இரண்டு ராம், ஒரு எஸ்எஸ்டி. எந்த வரியைத் தொட்டு ஏன் என்று கேட்டாலும் பதில் இருக்கிறது. தாராளமாகப் பணம் இருந்திருந்தால் அந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெரிய கேபினெட்டில் எட்டு மில்லிமீட்டர் ஒருவர் கண்ணிலும் படாது. காசும் இடமும் குறைவாக இருந்ததால்தான் ஒவ்வொரு அளவையும் உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது. அந்த யோசனை முழுவதும் பொருளில் தங்கியிருக்கிறது. சின்ன கணினியின் நயம் என்று நான் சொல்வது அதைத்தான்.