சொல்லில்லாப் பாடுகள்

பெல்ஜிய நாட்டு மரச்செதுக்கு ஓவியர் ஃபிரான்ஸ் மாசெரேல் (1889–1972) முதல் உலகப் போரின்போது ஜெனீவாவில் தங்கி, நாளேடு ஒன்றுக்குப் போரைச் சாடும் படங்களை வரைந்தவர். ரொமேன் ரோலந்தின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1918-இல் அவர் வெளியிட்ட நூலில் 25 படங்கள். கதை சொல்ல ஒரு சொல்லும் இல்லை. தலைப்போ 'ஒரு மனிதனின் பாடுகள்'.

மணமாகாத தாய்க்குப் பிறந்தவன், ரொட்டி திருடிச் சிறை சென்றவன், பின்னர் உழைத்து, நூல்களைக் கற்றுத் தொழிலாளரைத் திரட்டுகிறான். இறுதியில் மதில்முன் நிறுத்தப்படுகிறான். கலகக்காரன் கதைக்கா இப்பெயர் என்று நம்மில் சிலர் முகஞ்சுளிக்கலாம். நாம் அப்படிக் கருதவில்லை. எழுத்தறியாத நம் பாட்டிமார் ஆலயச் சுவரிலுள்ள பதினான்கு நிலைகளைப் பார்த்தே சிலுவைப்பாதை செய்தனர். அந்த வழக்கத்தை மாசெரேல் ஆலைத் தெருவுக்குக் கொண்டு வந்தார். 1936 சூலை 30-இல் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரு ஆலைத் தொழிலாளரைப் பறிகொடுத்த புதுவையில், அதிலும் முதலியார்பேட்டையில், அக்கடைசிப் படத்திற்கு விளக்கவுரை வேண்டுமோ?

குறையும் உண்டு. கறுப்பு, வெள்ளையன்றி இடைநிறம் அறியாத அச்செதுக்கு மனிதரையும் அவ்வாறே பிரித்துவிடுகிறது. முதலாளிக்கும் மனச்சான்று உண்டென்பதற்கு அங்கு இடமில்லை.

1919-இல் வந்த 'எனது செபநேர நூல்' 167 படங்கள் கொண்டது. அதன் நாயகன் சிரிக்கிறான், காதலிக்கிறான், அழுகிறான். காட்டில் தனியே இறக்கிறான். அவனது எலும்புருவம் விண்மீன்களிடையே நடந்து போகிறது. அதனை உயிர்ப்பு என நாம் சொல்லமாட்டோம். ஆயினும் மதிலோடு நின்றுவிட்ட முதல் நூலைவிட, அந்த நடைதான் நம்மை நெடுநேரம் பக்கம் புரட்டவிடாமல் வைத்தது.